வானிலிருந்து ஒரு காட்டை அளப்பது எப்படி?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், சிவில் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



நான் இங்கே படித்து முடித்து வெளியே போனது 2010-இல். இந்த அரங்கத்தின் மின்விசிறி அன்றைக்கும் இதே சத்தம்தான் போட்டது. அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் எங்களை சர்வே கேம்ப்புக்கு ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு நாள் எங்கள் சார், சரிவில் நின்ற ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தைக் காட்டி, “தியோடலைட் வச்சு இதோட உயரத்தைக் கண்டுபிடிங்கடா” என்றார். எங்கள் அணி அரை நாள் மல்லுக்கட்டி 21 மீட்டர் என்று எழுதியது. பக்கத்து அணி 27 மீட்டர் என்றது. சார் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, “மரம் ஒண்ணு, உயரம் ரெண்டா? ஒண்ணு, காலையிலேருந்து மரம் வளர்ந்திருக்கணும். இல்லேன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் தூங்கிட்டு ரீடிங் எழுதியிருக்கணும்” என்றார். தூங்கியது யார் என்பதை இன்றுவரை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நண்பர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு மரத்துக்கே அரை நாள் ஆகிறது. ஒரு காட்டுக்கு எத்தனை நாள் ஆகும்? காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எத்தனை மரம் இருக்கிறது, போன வருஷம் எத்தனை விழுந்தது, எது தாகத்தில் வாடுகிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? இந்த இடத்தில்தான் விமானம் உதவிக்கு வருகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விமானத்தின் வயிற்றில் ஒரு லேசர் கருவி. கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்புகிறது. ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். விமானம் 1,000 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒளி தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போல ஆறேமுக்கால் மடங்குகூட ஆகாது. அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். இதுதான் லைடார். இப்படி விநாடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகள்.

இதில் அழகு என்னவென்றால், ஒரு துடிப்பு ஒரே முறை திரும்புவதில்லை. மரத்தின் உச்சி இலையில் கொஞ்சம் பட்டுத் திரும்பும். மீதி உள்ளே போய் நடுக்கிளையில் பட்டுத் திரும்பும். அப்புறம் இலைகளின் இடுக்கு வழியாகப் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். முதலில் வந்தது உச்சி, கடைசியில் வந்தது தரை. இரண்டையும் கழித்தால் மரத்தின் உயரம். தியோடலைட்டும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம்.

ஆனால் விமானம் ஆடும், சாயும். ஒரே ஒரு டிகிரி சாய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் 17 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். நம் வீட்டு வேப்பமரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஜி.பி.எஸ்ஸும், சாய்வை ஒவ்வொரு கணமும் அளக்கும் கருவியும் கூடவே பறக்க வேண்டும். சார் சொல்லிக் கொடுத்த பிழைத் திருத்தம் அத்தனையும் இங்கே வரும். பரீட்சையோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை.

இப்படி அளந்து என்ன ஆகப்போகிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா. அங்கே மரங்கள் சாய்ந்துகொண்டே வருகின்றன. யானைதான் காரணம் என்பார் ஒருவர். இல்லை, தீ, மண், மழைக்குறைவு என்பார் இன்னொருவர். வருஷக்கணக்காக வாக்குவாதம். கிரெகரி ஆஸ்னர் என்ற சூழலியலாளரின் குழு அங்கே லைடார் விமானத்தைப் பறக்கவிட்டது. 2008-இல் ஒரு முறை, 2010-இல் மறுபடியும். முதல் முறை நின்றது இரண்டாம் முறை இல்லையென்றால் அந்த மரம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பூங்காவில் சில இடங்களில் யானை நுழையாதபடி ஏற்கெனவே வேலி போட்டு வைத்திருந்தார்கள். வேலிக்கு உள்ளே எத்தனை விழுந்தது, வெளியே எத்தனை விழுந்தது என்று ஒப்பிட்டார்கள்.

மொத்தம் 58,429 மரங்கள். 2012-இல் முடிவு வெளியானது. யானை போய்வரக்கூடிய இடங்களில் மரம் விழுவது சராசரியாக 6 மடங்கு அதிகம். அதிலும் 5 முதல் 9 மீட்டர் உயரமுள்ள, வளர்ந்துவரும் மரங்கள்தான் அதிகம் சிக்குகின்றன. அதாவது நம் பாஷையில் சொன்னால், பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போகும் வயதில் இருக்கிற மரங்கள். யானையை விரட்டு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எந்த உயரத்து மரம், எந்த மாதிரி மண்ணில் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. வாக்குவாதம் நிற்கவில்லை, ஆனால் இப்போது அது எண்களை வைத்துக்கொண்டு நடக்கிறது.

உயரம் மட்டும் போதாது. மனுஷனின் உயரத்தை அளந்தால் அவனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று தெரியுமா? அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். மரத்துக்கு அந்தப் பரிசோதனை ஒளியில் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பி அனுப்பும். இலையில் இருக்கும் தண்ணீரோ அகச்சிவப்பில் சில குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்கிவிடும். நம் செல்போன் கேமரா மூன்று நிறம்தான் பார்க்கும். விமானத்தில் வைக்கிற நிறமாலைக் கேமரா 400-க்கும் மேற்பட்ட பட்டைகளாக ஒளியைப் பிரித்துப் பார்க்கும். அதனால் இலை வாடி நிறம் மாறுவதற்கு முன்பே தண்ணீர் குறைவதைக் கண்டுகொள்ள முடிகிறது.

கலிபோர்னியாவில் 2012 முதல் கடும் வறட்சி. அதே ஆஸ்னர் குழு 2015-இல் லேசரும் நிறமாலைக் கேமராவும் கொண்ட விமானத்தில் அந்தக் காடுகள்மேல் பறந்தது. செயற்கைக்கோள் தகவலையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. 10 லட்சம் ஹெக்டேரில் மரங்களின் இலைப்பரப்பு 30 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை இழந்திருந்தது. அந்தப் பரப்பில் இருந்த பெரிய மரங்கள் 5 கோடியே 80 லட்சம் வரை. அவற்றில் எத்தனையோ மரங்கள் சாலையில் போகிறவர் கண்ணுக்குப் பச்சையாகத்தான் இருந்திருக்கும். 2016 நவம்பரில் அமெரிக்க வனத்துறை, 2010-லிருந்து அந்த மாநிலத்தில் 10 கோடியே 20 லட்சம் மரங்கள் செத்துவிட்டதாக அறிவித்தது. அந்தக் கணக்கெடுப்பையும் விமானத்தில்தான் செய்தார்கள். ஆனால் கருவியால் அல்ல. சின்ன விமானத்தில் ஆட்கள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, வரைபடத்தில் குறித்து. மனுஷக் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இன்னொன்று, பெருநாட்டு அமேசான். மாத்ரே தே தியோஸ் என்ற பகுதி. அங்கே ஆற்றங்கரைக் காட்டை வெட்டி, மண்ணைக் கிளறி, பாதரசம் ஊற்றித் தங்கம் எடுக்கிறார்கள். பெரிய சுரங்கங்கள் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் ஒளிந்திருந்த ஆயிரக்கணக்கான குட்டிச் சுரங்கங்கள் கணக்கில் வரவில்லை. செயற்கைக்கோள், விமானம், நேரில் நடை மூன்றையும் சேர்த்து 2013-இல் வந்த ஆய்வு, மொத்தச் சுரங்க வேலையில் பாதிக்கு மேல் அந்தக் குட்டிகள்தான் என்று காட்டியது. 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து தங்கம் விலை ஏறிய பிறகு காடு அழியும் வேகம் மூன்று மடங்கு ஆனது. தங்கம் விலை ஏறினால் நம் வீட்டில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். அங்கே காடே போய்விடுகிறது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து, அவிரிஸ்-என்.ஜி. என்ற நிறமாலைக் கருவியை இஸ்ரோவின் பி-200 விமானத்தில் ஏற்றி, 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை 57 இடங்களின் மேல் பறந்தார்கள். சுந்தரவனம், பிதர்கனிகா அலையாத்திக் காடுகள் அதில் உண்டு. நம் முதுமலையும் உண்டு. 2018-இல் இரண்டாம் கட்டமும் நடந்தது.

இவ்வளவு நேரம் அடுத்தவர்கள் செய்ததைச் சொன்னேன். இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, “உன் சாதனையைப் பத்திப் பேசுப்பா” என்றார். நான் பேசப்போவது சாதனை இல்லை.

நான் ஒரு சர்வே நிறுவனத்தில் லைடார் தகவலைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தேன். பெரும்பாலும் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கான அளவை. லைடாரில் வரும் கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரு உலகப் பொது எண் வரிசை இருக்கிறது. 2 என்றால் தரை. 3, 4, 5 என்றால் தாழ்ந்த, நடுத்தர, உயரமான தாவரம். 6 என்றால் கட்டடம். 7 என்றால் இரைச்சல், அதாவது வேண்டாத புள்ளி. ரோடு போடுகிறவருக்கு வேண்டியது தரை மட்டும். ஆகவே நாங்கள் 7-ஐ அழிக்கும்போது கூடவே 3, 4, 5 எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். ஒரு பட்டன்தான். ஸ்கிரீனில் இருந்த மரங்கள் மறைந்து வழவழவென்று தரை வரும். சுத்தமாக இருக்கிறது என்று மேலதிகாரி தட்டிக்கொடுப்பார். பல வருஷம் அப்படித் தட்டு வாங்கினேன்.

அப்படி ஒரு தடவை வந்த வேலை, எங்கள் ஊருக்குப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து அந்த நிழலில் போயிருக்கிறேன். ஃபைலின் பெயர் வெறும் எண்ணாக இருந்ததால் முதலில் எனக்குத் தெரியவில்லை. பாதி வேலையில், ஒரு வளைவையும் அதை ஒட்டிய குளத்தையும் பார்த்ததும் தெரிந்தது. தெரிந்தும் பட்டனைத் தட்டினேன். மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை அது.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். மரங்கள் இல்லை. பஸ் ஸ்டாப்பில் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: “ஏண்டா, இந்த ரோட்டை நீதானே அளந்தே? அப்போ மரம் இருந்துச்சே, அதை அளக்கலியா?”

“அளந்தேம்மா” என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

நான் பட்டனைத் தட்டாமல் இருந்திருந்தாலும் அந்த மரங்கள் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவும் மாட்டேன். அந்த ரோட்டில்தான் ஆம்புலன்ஸ் இப்போது வேகமாகப் போகிறது. என்னை உறுத்தியது வேறு. திட்ட அறிக்கையில் மரங்களைப் பற்றி ஒரு பட்டியல் இருந்தது. அடிமரத்தின் சுற்றளவு, வெட்டினால் என்ன விலை, அவ்வளவுதான். ஒவ்வொரு மரமும் எத்தனை உயரம், எவ்வளவு நிழல், எந்தப் பக்கத்து வரிசை அடர்த்தி, எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. முடிவெடுக்கிற மேஜைக்கு அது போகவே இல்லை. ஏனென்றால் அதை நான் இரைச்சலோடு சேர்த்து அழித்திருந்தேன்.

நல்லவேளை, மூலத் தகவல் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அதை எடுத்து, ராத்திரி உட்கார்ந்து, அந்தச் சாலையின் மரங்களைத் திரும்ப வரவழைத்தேன். விழுந்துபோன மரங்களின் உயரத்தை அளப்பது ஒரு மாதிரியான வேலை. ஆனால் அதிலிருந்து ஒரு வழிமுறை கிடைத்தது. அடுத்த வேலையில், யாரும் கேட்காமலேயே, தரை வரைபடத்தோடு இலைப்பரப்பு வரைபடம் ஒன்றையும் இணைத்து அனுப்பினேன். “இது ஒப்பந்தத்தில் இல்லையே” என்று பதில் வந்தது. அதற்கடுத்த வேலையிலும் அனுப்பினேன். அந்த முறை வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் போன் செய்தார். “சார், இந்த நாலு கிலோமீட்டர்ல கிழக்கு வரிசைதான் அடர்த்தியா இருக்கு, மேற்கே புறம்போக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும் விரிக்காம மேற்குப் பக்கம் மட்டும் விரிச்சா என்ன?” என்றார். அப்படியே செய்தார்கள். ஒரு வரிசை போயிற்று, ஒரு வரிசை தப்பியது. என் வேலை வாழ்க்கையில் சம்பள உயர்வு கிடைத்த நாளைவிட அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இன்னொரு பாடமும் சொல்லிவிடுகிறேன். கருவி எல்லாம் தெரிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நீலகிரி அடிவாரத்தில் ஒரு ஆய்வுக்குழு அனுமதி பெற்று டிரோன் மூலம் காட்டை அளந்தது. கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று கேட்டார்கள், லீவு போட்டுப் போனேன். மாசி மாதம். என் வரைபடத்தில் ஒரு சரிவு முழுக்க இலையில்லாத மரங்கள். ‘செத்த மரம்’ என்று சிவப்பு நிறம் கொடுத்து வைத்திருந்தேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் டேப்லெட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்த வெக்காலி மரத்தில் நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. “தூங்குது சார். மழை வந்தா எந்திரிச்சுக்கும்” என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மரம். என் கணக்கில் அது ஒரே மரம். கீழே போய்ப் பார்த்தால் இரண்டு. உள்ளே ஒரு கருமருது, அதை வளைத்துப் பிடித்து வளர்ந்த அத்தி ஒன்று. மேலிருந்து பார்த்த லேசருக்கு அந்தச் சண்டை தெரியவில்லை.

அன்றைக்கு அந்தச் சிவப்பு முழுவதையும் அழித்தேன். அந்த அழிப்புக்கு நான் வருத்தப்படவில்லை. விமானம் எத்தனை உயரத்தில் பறந்தாலும், அதன் கணக்கு சரியா என்று சொல்ல, காட்டுக்குள் நடக்கத் தெரிந்த ஒருவர் கீழே நிற்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் கடைசிப் பத்தி நன்றியில்கூட வருவதில்லை. வர வேண்டும்.

முடிக்கிறேன். மூன்று வேண்டுகோள்.

முதலாவது, இங்கே இருக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். உங்களில் பலர் சாலை, ரயில், மின்பாதை வேலைகளில் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். அடுத்த சர்வே ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: ‘தாவரப் புள்ளிகளை அழிக்கக் கூடாது, மூலத் தகவலோடு ஒப்படைக்க வேண்டும்.’ விமானம் ஏற்கெனவே பறந்துவிட்டது, காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அந்தப் புள்ளிகளை வைத்துக்கொள்ள ஆகும் செலவு ஒரு ஹார்டு டிஸ்க்கின் விலை.

இரண்டாவது, தம்பி தங்கைகளுக்கு. எங்கள் காலத்தில் இந்தத் தகவலைக் கண்ணால் பார்க்கவே அனுமதி தேவைப்பட்டது. 2021-இல் வரைபடக் கொள்கையும் டிரோன் விதிகளும் தளர்ந்தன. க்யூ.ஜி.ஐ.எஸ்., கிளவுட் கம்பேர் இரண்டும் இலவசம். அமெரிக்காவின் நியான் என்ற சூழலியல் அமைப்பு விமானத்தில் எடுத்த லைடார், நிறமாலைத் தகவல் அத்தனையையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஒரு சாதாரண லேப்டாப் போதும். ஆனால் சர்வே கேம்ப்பைக் கட் அடிக்காதீர்கள். பிழை எங்கே நுழைகிறது என்பதை வெயிலில் நின்று கற்றுக்கொண்டவனுக்குத்தான் ஸ்கிரீனில் அது கண்ணில் படும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். இந்த வளாகத்தில் எத்தனை மரம் இருக்கிறது? காலையில் நான்கு பேரைக் கேட்டேன், நான்கு விடை வந்தது. உரிய அனுமதியோடு ஒரு டிரோன் சர்வேக்கு ஆகும் செலவை எங்கள் 2010 செட் ஏற்றுக்கொள்கிறோம். மேலிருந்து நாங்கள் அளக்கிறோம். கீழே ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் நின்று பெயர் எழுத மாணவர்கள் வாருங்கள். தோட்டக்காரர் ஐயாவையும் கூப்பிடுங்கள். நமக்குப் பாதி மரத்தின் பெயர் தெரியாது, அவருக்குத் தெரியும். அடுத்த கூடலுக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிடும். அதற்கப்புறம் இங்கே புதுக் கட்டடம் ஒன்று வரும்போது, எந்த மரம் போகிறது என்பது திட்டம் போடும் மேஜையிலேயே தெரிந்திருக்கும்.

எங்கள் சார் முன்வரிசையில் இருக்கிறார். சார், அந்த சில்வர் ஓக்கின் உயரத்தை நாங்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. அது அங்கேயே நின்றால், ஒரு நாள் போய் அளந்து வந்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.